வடக்குப் பார்த்த காரிடாரில் வாசனைச் செடிகள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தொட்டிச் செடி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டியது திசைகாட்டி. மண், உரம், தொட்டி எல்லாம் அப்புறம். கைப்பேசியிலேயே திசைகாட்டி இருக்கிறது. காரிடார் சுவரை ஒட்டி நின்று, வெளியே பார்த்தபடி அதைத் திறந்தால் போதும். உங்கள் வீட்டில் எந்த மாதம் துளசி தழைக்கும், எந்த மாதம் புதினா நூலாக இளைக்கும் என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

எங்கள் வீடு அங் மோ கியோவில், பழைய நீள புளோக் ஒன்றில், நடு மாடியில் இருக்கிறது. முன்பக்கக் காரிடார் ஏறக்குறைய நேர் வடக்கு. அடுப்படி ஜன்னல் தெற்கு. இப்படி வடக்கு தெற்காகத் திருப்பிக் கட்டிய புளோக்குகள் இங்கே நிறைய. மேற்கு வெயில் நேராக வீட்டுக்குள் இறங்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. குடியிருப்பவர்களுக்கு நல்லது. செடிகளுக்கோ ஆண்டு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகையில் இருக்கிறது. மார்ச் 23ஐ ஒட்டி ஒருமுறை, செப்டம்பர் 20ஐ ஒட்டி ஒருமுறை, நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட ஆறு மாதம் சூரியன் வானத்தின் வடபாதியில் போகிறது, மீதி ஆறு மாதம் தென்பாதியில். தஞ்சாவூர்ப் பக்கம் அது வடக்கே சாய்ந்து போவது நாலு மாதம்தான். அதனால் ஊரில் வடக்கு வாசலில் செடி வைத்த பழக்கத்தை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. பகலின் நீளம் இங்கே ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், வித்தியாசம் பத்து நிமிடம்கூட வராது. மாறுவது வெயில் வரும் பக்கம் மட்டும்தான். இன்னொன்று, நம் கடிகாரத்தில் நடுப்பகல் 12 மணிக்கு வருவதில்லை, ஏறக்குறைய 1 மணிக்குத்தான் வருகிறது. காலை 7 மணிக்குச் சூரியன் எழுந்து மாலை 7 மணிக்கு விழுவதும் அதனால்தான்.

ஆக எங்கள் காரிடாருக்கு நேர் வெயில் ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. அடுப்படி ஜன்னலுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை. நான் வளர்க்கும் முறை முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

சுவரின் நிழல்

காரிடாரில் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் கைப்பிடிச் சுவரின் அடியில், தரையில் வரிசையாக வைக்கிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் எங்கள் புளோக்கில் கைப்பிடிச் சுவர் கம்பியல்ல, மார்பளவுக்குச் சற்றுக் குறைந்த கான்கிரீட். ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் வடவானில் 68 பாகை உயரத்தில் நிற்கும்போது, ஒரு மீட்டர் உயரச் சுவர் தரையில் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு நிழல் போடுகிறது. தொட்டி வரிசை முழுக்க அந்த நிழலுக்குள் அடங்கிவிடும். அதே நேரம் சுவரின் மேல்விளிம்பு உயரத்தில், மேல்மாடித் தளத்தைத் தாண்டி வரும் வெயில் உள்ளே 60 சென்டிமீட்டர் வரை எட்டுகிறது. ஒரே இடம், உயரம் மட்டும் வேறு. கைப்பேசியில் கிடைக்கும் ஒளிமானிச் செயலியில் பார்த்தாலும் இதே கதைதான். அந்தச் செயலிகளின் எண்கள் துல்லியமானவை அல்ல, ஆனால் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடப் போதும்.

அதனால் செடிகளை உயர்த்த ஓர் அடுக்கு தேவைப்பட்டது. இங்கே இரண்டு விதிகளை மனத்தில் வைத்துத்தான் எதையும் செய்ய வேண்டும். தீயணைப்புக்காகவும் அவசர வழிக்காகவும் காரிடாரில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அப்புறம், கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து ஒரு சின்னத் தொட்டி விழுந்தாலும் கீழே போகிறவரின் உயிர் போகும். ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்தும் கம்பியில் தொட்டி மாட்டுவதையும் இதே காரணத்துக்காக நான் கடுமையாக எதிர்ப்பேன், யார் வீட்டில் பார்த்தாலும் சொல்லிவிடுவேன்.

எங்கள் காரிடாரில் 1.2 மீட்டர் போக மிஞ்சுவது ஒரு முழத்துக்கும் குறைவு. 35 சென்டிமீட்டர் ஆழமுள்ள, துருப்பிடிக்காத எஃகு அடுக்கு ஒன்றை வாங்கி, மேல்தட்டு 65 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி கால்களை வெட்டினேன். தொட்டியின் வாய் சுவரின் விளிம்புக்குக் கீழேயே இருக்கும், இலைகள் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். தொட்டி சாய்ந்தாலும் உள்பக்கம்தான் விழும். கீழ்த்தட்டில் கனமான தொட்டிகள், அதாவது நிழல் தாங்கும் செடிகள். அடுக்கின் கனம் அடியில் இருப்பதால் அது ஆடுவதில்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் திடீரென்று வரும் சுமத்ரா காற்றை அனுபவித்தவர்களுக்கு இந்தக் கனம் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மேல்தட்டுத் தொட்டிகளை நைலான் கயிற்றால் அடுக்கோடு சேர்த்தும் கட்டியிருக்கிறேன்.

அடுக்கை வைப்பதற்கு முன் இருபக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன். இடப்பக்கத்து மக்சிக் (மூத்த மலாய்ப் பெண்மணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) உடனே, "பாண்டான் வைப்பாய்தானே?" என்று கேட்டார். சமையலில் மணத்துக்குப் போடும் நீள இலைச் செடி அது. வைத்தேன்.

மண்ணும் கல்லும்

தொட்டியின் அடியில் கூழாங்கல்லோ ஓட்டுச்சில்லோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. மண்கலவையின் துளைகள் நுண்ணியவை, அவை தண்ணீரை இறுகப் பிடித்து வைத்திருக்கும். கல்லடுக்கின் இடைவெளிகள் பெரியவை. மேலே உள்ள மண்ணின் அடிப்பகுதி முழுக்க நிரம்பித் ததும்பும் வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு சொதசொதப்பான மண்படலம் இருக்கத்தான் செய்யும். கல் போட்டால் அந்தப் படலம் வேருக்கு இன்னும் கிட்டே ஏறி வருகிறது, அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் பாத்திரம் கழுவும் பஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி சொட்டும். உயரம் கூடினால் வடியும் தண்ணீரும் கூடும். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வேர் அழுகக்கூடிய செடிகளுக்கு உயரமான தொட்டி, ஈரம் விரும்பும் செடிகளுக்கு அகலமான, தாழ்வான தொட்டி. துளை வழியாக மண் ஒழுகாமல் இருக்கப் பழைய கொசுவலைத் துண்டு ஒன்று போதும்.

கலவைக்கு நான் எடுப்பது இரண்டு பங்கு தேங்காய் நார்த்துகள், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு சுட்ட மண். சுட்ட மண் என்று இங்கே நர்சரிகளில் மூட்டையாக விற்பது செந்நிறமாக, குருணை குருணையாக இருக்கும். கனமும் தரும், காற்றும் போகும். நார்த்துகள் கட்டியாக வந்தால் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி கழுவிப் பிழிந்த பிறகே சேர்க்கிறேன். அதில் உப்பு தங்கியிருக்கலாம், இளம் வேருக்கு அது ஆகாது. கறிவேப்பிலைக்கு மட்டும் நார்த்துகளைக் குறைத்துச் சுட்ட மண்ணைக் கூட்டுகிறேன்.

வெறும் மலிவுத் தோட்டமண் மூட்டையைத் தொட்டியில் நிரப்ப வேண்டாம். சில மாதங்களில் இறுகிக் களிமண் மாதிரி ஆகிவிடுகிறது. மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக ஓடிப் போகும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும்.

கறிவேப்பிலை

இந்த முயற்சி முழுவதுக்கும் காரணமே இதுதான். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கறிவேப்பிலை எப்போதும் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. ஆனால் தாளிக்கிற நேரத்தில் கிள்ளிப் போடுகிற ஈர்க்கின் மணம் குளிர்பெட்டியில் வாடியதற்கு வராது.

நர்சரியில் சாண் உயரக் கன்றாக வாங்கியது இப்போது 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் நிற்கிறது. வாங்கிய சிறு தொட்டியிலிருந்து உருவியபோது வேர் வட்டவட்டமாகச் சுற்றியிருந்தது. அப்படியே பெரிய தொட்டியில் வைத்தால் வேர் அந்த வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். விரலால் அடிப்பக்கத்தைப் பிரித்துவிட்டு, நீளமாகத் தொங்கியவற்றைக் கத்தரித்து, பிறகு நட்டேன். கூடவே கிளைகளையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். குறைந்த வேர் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது. சில வாரம் சும்மா நின்றது. அப்புறம் கணுவுக்குக் கணு துளிர்.

கறிவேப்பிலை தானாக விட்டால் ஒற்றைத் தண்டாக மேலே போய்க்கொண்டே இருக்கும். நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் கீழிருந்து இரண்டு மூன்று கிளை வரும். வெட்ட வேண்டிய காலம் முக்கியம். மார்ச் கடைசியில், வெயில் காரிடாருக்குத் திரும்பும் நேரத்தில் வெட்டினால் புதுத்துளிர் வரும்போது அதற்கு வேண்டிய ஒளி காத்திருக்கிறது. அக்டோபரில் வெட்டினால் செடி சோர்ந்து அப்படியே நின்றுவிடும். சமையலுக்குப் பறிக்கும்போதும் தனித்தனி இலையாக உருவாமல் முழு ஈர்க்கையும் அடியோடு ஒடிக்கிறேன். மொட்டையான ஈர்க்கு செடிக்கு ஒரு பயனும் தராது. பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுகிறேன். தொட்டிச் செடி பூவுக்கும் காய்க்கும் செலவிடும் தெம்பு இலைக்கே போகட்டும்.

புதுத்துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பே இல்லை என்று பொருளல்ல. மண் எப்போதும் ஈரமாக இருந்தாலும், காரத்தன்மை கூடினாலும் வேரால் அதை எடுக்க முடியாது. நான் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது. அதன் பிறகும் தெளியாவிட்டால் கரையும் இரும்புச்சத்து மருந்தைத் துளி அளவு கலந்து கொடுக்கலாம்.

என் மாமியார் மலேசியாவின் ஈப்போவில் பெரிய கறிவேப்பிலை மரம் வளர்த்தவர். புளித்த மோர் ஊற்றச் சொல்லி இங்கே வந்தபோதெல்லாம் சொன்னார். "அத்தை, இங்கே காரிடார். வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகும், எறும்பும் வரும்" என்றேன். தரையில் நிற்கும் மரத்துக்கு மோர் ஊற்றினால் மண்ணின் நுண்ணுயிர்கள் அதை எடுத்துக்கொள்ளும். ஒரு வாளி மண்ணுள்ள தொட்டியில் அது தேங்கி நாறும், சிறு ஈக்களும் மொய்க்கும். தழைச்சத்து கூடிய, மெல்லக் கரையும் உருண்டை உரத்தை வெயில் மாதங்களில் மட்டும் மண்மேல் தூவி, மண்புழு உரம் ஒரு கைப்பிடி போடுகிறேன். அது போதுமாக இருக்கிறது. அத்தையும் இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார். ஈப்போ மரத்துக்கு மோர் தொடர்கிறது.

இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் துடைக்க வேண்டாம், உற்றுப் பாருங்கள். தமிழில் கறிவேப்பிலை அழகி என்று சொல்லும் பட்டாம்பூச்சியின் இளம் புழு அது. எலுமிச்சை அழகியின் புழுவும் இதே செடிக்கு வரும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டும், கடுமையான வாடையும் வரும். வளர்ந்த புழு இரண்டு மூன்று சேர்ந்தால் சின்னச் செடியை மொட்டையடித்துவிடும். அவற்றைக் கொல்ல எனக்கு மனமில்லை. பின்பக்கத்துக் கிளை ஒன்றை அவற்றுக்கென்று விட்டுவிட்டு, மற்ற கிளைகளில் துளிரின் அடியில் இருக்கும் கடுகளவு முட்டைகளை மட்டும் வாரம் ஒருமுறை தடவி எடுத்துவிடுகிறேன். கட்டடக் காட்டின் நடுமாடி வரை ஒரு பட்டாம்பூச்சி இந்தச் செடியைத் தேடி வருகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

மாவுப்பூச்சிக்கு இந்தத் தாராளம் கிடையாது. கண்ணில் பட்டதும் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலப்பதற்கு சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வெயிலில் அடித்தால் இலை கருகும். அடித்த பிறகு சில நாள் பறிக்காமல் இருந்து, நன்றாகக் கழுவிச் சமைக்கலாம்.

புதினா, மல்லி, வெந்தயம்

புதினாவுக்குக் கன்று வாங்க வேண்டாம். சந்தைக் கட்டிலிருந்து தடித்த, உறுதியான தண்டுகளைப் பொறுக்கி, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் கணுவில் வெள்ளை வேர் வரும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது, கொசுவுக்காகவும்தான். அகலமான தாழ்ந்த தொட்டியில் நட்டால் ஓடுதண்டு விட்டுப் பரவும். சில மாதத்தில் நடுப்பகுதி கட்டையாகி, இலை விளிம்புக்கே போய்விடும். அப்போது அதைத் திருத்த முயல்வதைவிட நுனிகளை வெட்டிப் புதுத் தொட்டி தொடங்குவதுதான் சுலபம்.

கொத்தமல்லியைப் பற்றி இங்கே எல்லோருக்கும் மனக்குறை. அது குளிர்ச்சி விரும்பும் செடி. பகலில் 31, 32 பாகை சூடு ஆண்டு முழுக்க இருக்கும் ஊரில், இலை விடும் முன்பே பூத்தண்டை நீட்டிவிடும். இலை நூலிழையாகப் பிரிந்து வந்தால் பூக்கப் போகிறது என்று பொருள். இதற்கு மருந்து இல்லை. செய்யக்கூடியது, அதைக் குட்டித் தழையாகவே அறுவடை செய்வது. தனியாவை இலேசாக நசுக்கி இரண்டாகப் பிளந்து, இரவு ஊறவைத்து, ஆழமான பெட்டியில் நெருக்கமாகத் தூவி, நாலாவது ஐந்தாவது வாரத்தில் மொத்தமாகக் கத்தரித்துவிடுகிறேன். பெயர்த்து நட்டால் பிழைக்காது, ஆணிவேர் தொந்தரவைத் தாங்காத செடி. சனவரி கடைசியில் விதைப்பது கைகொடுக்கிறது. வடகிழக்குப் பருவமழை தணிந்து, இரவுகள் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். பிப்ரவரி இங்கே மழை குறைந்த மாதம், அடுப்படி ஜன்னலில் தெற்கு வெயிலும் கிடைக்கும். பூத்துவிட்டதைப் பிடுங்க வேண்டாம். பச்சைக்காய் துவையலில் அரைத்தால் இலையைவிட மணம் தூக்கும்.

ஆண்டு முழுக்க மல்லி வாசனை வேண்டுமானால் வேறு செடிக்குப் போவதுதான் வழி. மலாய்க்காரர்கள் கெத்தும்பார் ஜாவா என்று சொல்லும், ரம்பப் பல் விளிம்புள்ள நீள இலைச் செடி. கொத்தமல்லிக் குடும்பம்தான், ஆனால் வெப்பத்தில் வளர்வது, நிழலும் போதும். வாசனை அதைவிடக் கடுமை. ரசத்தில் அரை இலை போதும், சமைத்தாலும் மணம் போகாது. நேர் வெயிலில் இருந்தால்தான் இது சீக்கிரம் முள்ளுப் பூ விடும். கீழ்த்தட்டு நிழலில் மாதக்கணக்காக இலை தருகிறது. வடக்குப் பார்த்த காரிடாருக்கு இதைவிடப் பொருத்தமான தழையை நான் பார்க்கவில்லை.

வெந்தயக்கீரை குழந்தைகளிடம் விட்டுவிடலாம். சமையலறை வெந்தயமே முளைக்கும், மூன்று வாரத்தில் பருப்பில் போடலாம்.

ஓமவல்லிக்கும் பெரிய விளக்கம் தேவையில்லை. ஒரு குச்சியை ஒடித்து மண்ணில் செருகினால் வளரும், தண்ணீர் கூடினால் மட்டும் அழுகும். கீழ்த்தட்டில் பாண்டானும் லக்சா இலையும் இருக்கின்றன. லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் போடும் அந்த இலை மக்சிக் கொடுத்த கிளையிலிருந்து வந்தது, புதினாவைப் போலவே தண்ணீரில் வேர் விடுகிறது, அதைவிட ஈரம் கேட்கிறது. துளசி மட்டும் வெயில் படும் மேல்தட்டின் ஓரத்தை யாருக்கும் விட்டுத் தராது. கதிர் நீட்டும்போதே கிள்ளிக்கொண்டிருந்தால் புதர் கட்டும்.

தண்ணீர் எங்கே நிற்கிறது

டெங்கி உள்ள ஊரில் தொட்டி வளர்ப்பவருக்கு இதுதான் பெரிய பொறுப்பு. 20 காசு நாணய அளவுத் தண்ணீர் போதும் ஏடிஸ் கொசுவுக்கு. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால் தொட்டித் தட்டுகளையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் அடுக்கின் கீழ் ஒரே நீளத் தட்டம். தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் கழித்து அதை எடுத்துக் கொட்டி, விளிம்பைத் தேய்த்துத் துடைத்துக் கவிழ்த்து வைக்கிறேன். தேய்ப்பது அவசியம். ஏடிஸ் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி நனைந்ததும் பொரியும்.

இறுகிய மண்ணும் ஆபத்து. மேலே குழியாகித் தண்ணீர் நிற்கும். தேசியச் சுற்றுப்புற வாரியம் மண்ணைக் கிளறிவிடச் சொல்வது இதற்காகத்தான். செடிக்கும் அது நல்லது என்பதால் பழைய முள்கரண்டி ஒன்றை அடுக்கிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். பாண்டான் இலை தண்டோடு சேரும் இடுக்கிலும் தண்ணீர் தங்கும். அதற்குத் தலையில் ஊற்றாமல் மண்ணில் ஊற்ற வேண்டும், மழைச்சாரல் அடித்த நாளில் சாய்த்து வடித்துவிட வேண்டும்.

குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்து, குளோரின் போன பிறகு ஊற்ற வேண்டும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். இங்கே குடிநீரில் கலப்பது குளோரமின். ஓர் இரவில் அது ஆவியாகிப் போகாது. அந்த அளவில் செடிக்கு அதனால் கெடுதலும் இல்லை. திறந்த வாளியை இரவெல்லாம் வைத்திருப்பதால் பயன் கொசுவுக்குத்தான்.

அக்டோபர் மாற்றம்

செப்டம்பர் கடைசி வாரத்தில் காரிடாரின் வெயில்கோடு சுவருக்கு வெளியே நழுவிவிடும். அப்போது இடமாற்றம். புதினா, துளசி, விதைப் பெட்டிகள் அடுப்படி ஜன்னலுக்கு உள்பக்கம், கம்பிக்கு இந்தப் பக்கம் அடித்த பலகைக்குப் போகின்றன. பலகை குறுகியது, அதனால் சின்னத் தொட்டிகளாகவே வைத்திருக்கிறேன். பெரிய துளசி போகாது. அதன் கிளையை ஆகஸ்டிலேயே வேர்விட வைத்து, அந்தக் கன்றைத்தான் ஜன்னலுக்கு அனுப்புகிறேன். வெயிலுக்குப் புதிதாகப் போகும் செடியை முதல் வாரம் பலகையின் உள் ஓரத்தில் வைத்துப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை வெளுத்துக் கருகும்.

கறிவேப்பிலை இடம் மாறுவதில்லை, கனம் அப்படி. அதற்கு இந்த ஆறு மாதம் ஓய்வு. உரம் நிறுத்தம், தண்ணீர் பாதிக்கும் கீழே. ஒளி குறைந்த செடி தண்ணீர் குடிப்பதும் குறைவு. பழைய கணக்கிலேயே ஊற்றினால் வேர் அழுகும். நவம்பர், டிசம்பரில் அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். அதைப் பார்த்துப் பதறி உரம் போட வேண்டாம். பறிப்பதையும் குறைத்துக்கொள்கிறேன், அந்த மாதங்களில் தேக்காவிலிருந்துதான் வாங்குகிறோம். எத்தனையோ தொட்டிச்செடி ஆலோசனைகளில் ‘தினமும் தண்ணீர் ஊற்றுங்கள்’ என்று வருவது எந்தத் திசை, எந்த மாதம் என்று கேட்காமல் சொன்னது.

டிசம்பரில் சிக்கல் என்னவென்றால், வெயில் தெற்கே வந்தாலும் மழைமேகம் அதை மறைத்துக்கொள்கிறது. தொடர்ந்து சில நாள் இருட்டிக் கிடந்தால் புதினா நீண்டு இளைக்கும். இதற்காக இந்தமுறை ஜன்னல் பலகையின் மேல் 20 வாட் வெள்ளை எல்இடி குழல் விளக்கு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். செடி நுனியிலிருந்து ஒரு சாண் உயரம். அதற்கு மேலே தூக்கினால் ஒளி சட்டென்று குறைந்துவிடுகிறது. நேரக்கருவியில் காலை 7 முதல் மாலை 7 வரை. 12 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று வைத்ததற்குக் காரணம் கொத்தமல்லி, பகல் நீண்டதாக உணர்ந்தால் அது இன்னும் சீக்கிரம் பூக்கும். மின்சாரம் மாதத்துக்கு ஏழு யூனிட்டுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). புதினா கணுக்கள் இப்போது நெருக்கமாக வருகின்றன. சனவரியில் விதைக்கும் மல்லிப் பெட்டிகளில் ஒன்றை விளக்கின் கீழும் மற்றொன்றை விளக்கில்லாத ஓரத்திலும் வைத்து, எது முதலில் பூத்தண்டு நீட்டுகிறது என்று பார்க்கப் போகிறேன்.